ஆளுக்கு ஒரு ஓட்டு

என் சித்தி டிரம்பெட் வாசிக்கிறாள் என்று சொன்னால், டிரம்பெட்டைச் செய்தவன் என் மேல் வழக்குப் போடுவான். ஊதுகிறாள், அவ்வளவுதான். ஆனால் அவள் ஊத ஆரம்பித்த பிறகுதான் எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் எதற்காக இந்தக் கூத்தில் போய்த் தலையைக் கொடுத்தேன் என்று யாருக்கும் புரியாது.

சித்தி என் அம்மாவின் தங்கை. ஐம்பதைத் தாண்டியவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அவசர அழைப்புகளை எடுக்கிற வேலை. காலையில் காதில் ஹெட்செட்டை மாட்டினால் சாயங்காலம் வரைக்கும், மாடிப்படியில் உருண்டவர்கள், வலி கண்டவர்கள், மூச்சு முட்டுகிறவர்கள் என்று வரிசையாக அவள் காதுக்குள் அலறுவார்கள். அவள் மட்டும் அலறக் கூடாது. "பதறாதீங்க, வண்டி கிளம்பிடுச்சு, கதவத் திறந்து வைங்க" என்று ஏற்ற இறக்கமே இல்லாத குரலில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் குரல் அவளை விட்டுப் போகாது. என்னைச் சாப்பிடக் கூப்பிடுவதுகூட வண்டி அனுப்புகிற மாதிரிதான் இருக்கும். இப்படிப்பட்டவள் போன வருஷம் ஒரு பழைய டிரம்பெட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"எதுக்கு சித்தி இது?"

"நாள் முழுக்க மத்தவங்க அலறலக் கேக்கறேன்டி. சாயந்தரம் கொஞ்ச நேரம் நானும் அலறிக்கிறேன்."

வீட்டுக்குள் ஊதினால் கண்ணாடி டம்ளர்கள் நடுங்கின. அதனால் மொட்டை மாடிக்குப் போனாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, செல்போனில் பாடம் பார்த்துக்கொண்டு, ஒரே மெட்டை மாதக்கணக்காக ஊதினாள். மெட்டின் நடுவில் ஒரு இடம். அங்கே சுரம் மேலே ஏற வேண்டும். சித்தி ஊதினால் அது ஏறாது, வழுக்கி விழும். உடனே நிறுத்தி, மூச்சு வாங்கி, முதலிலிருந்து தொடங்குவாள். கீழே இறங்கி வரும்போது முகமெல்லாம் சிவந்து, குளித்து எழுந்தவள் மாதிரி இருப்பாள். எனக்கு அந்த முகம் பிடித்திருந்தது.

எங்கள் குடியிருப்பில் நூற்றுச் சொச்சம் வீடுகள். முதல் மாடியில் பல் டாக்டரம்மாவின் கிளினிக். சித்தி மேலே ஊதுகிற சத்தம் மாடிப்படி வழியாக நேராக அங்கே போய் இறங்கியிருக்கிறது. பல் பிடுங்கக் காத்திருந்தவர்கள், உள்ளே யாரையோ டாக்டரம்மா உயிரோடு உரிக்கிறாள் என்று நினைத்து எழுந்து ஓடியிருக்கிறார்கள். டாக்டரம்மா நியாயமாகத்தான் கோபப்பட்டாள். குடியிருப்போர் சங்கத்துக்குப் புகார் கொடுத்தாள். இன்னும் சிலர் அதோடு சேர்ந்துகொண்டார்கள். சிலர் "பாவம், ஊதிட்டுப் போகட்டும்" என்றார்கள். ஆனால் சங்கம் நேரில் கேட்டால் யாரும் வாயைத் திறக்கவில்லை. நாளைக்கு அதே லிஃப்டில் சித்தியின் பக்கத்தில் நிற்க வேண்டுமே.

அதனால் சங்கத்தின் செயலாளர் என்னைத் தேடி வந்தார். மின்சாரத் துறையில் மீட்டர் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி தவறிப்போய் வெகுகாலம் ஆகிறது, தனி ஆள். கடைசி மாடியில், மொட்டை மாடிக்கு நேர் கீழே குடியிருக்கிறார். அதாவது சித்தியின் ஊதலை முழுசாக வாங்கிக்கொள்கிற முதல் தலை அவருடையது. ஆக, இந்தப் புகாருக்குப் பின்னால் இருப்பதே இவர்தான் என்று நான் மனதுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

"நம்ம வெப்சைட்ல ஒரு ஓட்டு வைக்கணும்மா. சாயந்தரம் மொட்டை மாடியில டிரம்பெட் ஊதலாமா, கூடாதா. ரெண்டே பட்டன். நீதானே வெப்சைட்ட பாத்துக்கற."

"வெச்சுரலாம் சார். எல்லாரும் பேரக் குடுத்து உள்ள வர்ற மாதிரி பண்ணிடறேன்."

அவர் பதறிப் போனார். "ஐயையோ, பேரே கூடாதும்மா. யார் என்ன போட்டாங்கன்னு யாருக்கும் தெரியக் கூடாது. உனக்கும் தெரியக் கூடாது. ஆனா ஆளுக்கு ஒரு ஓட்டுத்தான்."

இந்த இடத்தில் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். வருகிறவர் யாரென்று தெரியக் கூடாதாம். ஆனால் ஏற்கெனவே வந்தவரா என்று மட்டும் தெரிய வேண்டுமாம். முகத்தை மூடிக்கொண்டு வருகிற கூட்டத்தில், இரண்டாம் தடவை வருகிறவனை மட்டும் பிடித்து நிறுத்தச் சொல்கிறார். வெப்சைட் எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு இது பழைய தலைவலி.

சித்தியிடம் நானே சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"நல்லதுதானே. வேணாம்னு வந்தா நான் ஊத மாட்டேன். யார் மேலயும் வருத்தமும் பட மாட்டேன்." அதே கட்டுப்பாட்டு அறைக் குரல். அன்றைக்கு அவள் செய்த எதிலும் உப்பு இல்லை. நான் தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்தேன்.

சித்திக்காக ஒரு ஓட்டைக்கூடத் தூக்கிப் போடக் கூடாது, கூட்டவும் கூடாது என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டுதான் உட்கார்ந்தேன். மனிதர்களைப் பெயரில்லாமல் அடையாளம் காண எளிய வழி, அவர்கள் எந்த இணைய இணைப்பின் முகவரியிலிருந்து வருகிறார்கள் என்று பார்ப்பது. ஒரு முகவரிக்கு ஒரு ஓட்டு. அரை நாளில் முடித்தேன். வீட்டு வைஃபையிலிருந்து ஒரு ஓட்டு, என் போன் டேட்டாவிலிருந்து ஒரு ஓட்டு போட்டுப் பார்த்தேன். அழகாக இரண்டு பேர் என்று பிரித்துச் சொன்னது. அந்த இரண்டையும் அழித்துவிட்டு ஓட்டைத் திறந்துவிட்டேன். இதையா தலைவலி என்கிறார்கள் என்று இளக்காரமாகச் சிரித்தும்கொண்டேன்.

மறுநாள் காலையில் என் போன் அடித்த அடியில் மேசையிலிருந்து கீழே விழுந்தது.

"நான் இப்பத்தாம்மா எழுந்தேன். அதுக்குள்ள ஓட்டுப் போட்டாச்சு, நன்றின்னு சொல்லுது."

"எங்க வீட்ல அஞ்சு பேரு. அஞ்சு பேருக்கும் நன்றி சொல்லுது. ஒருத்தருமே போடல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குடியிருப்பு முழுவதற்கும் சங்கமே ஒரு இணைய இணைப்பு வாங்கி வைத்திருக்கிறது. அந்த ஒரே கம்பி வழியாகத்தான் எல்லோரும் வெளியே போகிறோம். வெளியுலகத்தைப் பொறுத்தவரை நாங்கள் அத்தனை பேரும் ஒரே ஆள். முதலில் யார் பட்டனை அழுத்தினார்களோ, அவர் மற்ற எல்லோருடைய ஓட்டையும் சேர்த்துப் போட்டுவிட்டார். முடிவு: கூடாது, ஒன்று. ஊதலாம், சைபர்.

டாக்டரம்மா படியில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "விடியறதுக்குள்ள நான் போட்டுட்டேன். அதான் ரிசல்ட் வந்தாச்சே, அப்படியே விட்டுருங்களேன்."

மூக்கறுபட்டு வீட்டுக்கு வந்தேன். இரண்டாவதாக வேறு வழி. வருகிறவருடைய கருவியைப் பார்ப்பது: என்ன போன், திரை எவ்வளவு அகலம், என்ன மொழி, என்ன பிரவுசர், எழுத்து எவ்வளவு பெரிசு. இதெல்லாம் சேர்ந்தால் ஆளுக்கு ஆள் வித்தியாசப்படும், கைரேகை மாதிரி. உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்கள். உலகத்தில் எங்கள் குடியிருப்பும் அடக்கம் என்று நம்பிச் செய்தேன்.

அன்றைக்கும் போன் அடித்தது. இந்தத் தடவை பாதிப் பேருக்குத்தான் நன்றி சொன்னதாம். அந்தப் பாதிப் பேரில் ஐந்தாறு பேருடைய போனை வாங்கிப் பார்த்தேன். எல்லாம் ஒரே போன். ஒரே நிறம்கூட. தரைத் தளத்தில் செல்போன் கடை வைத்திருக்கிற அண்ணனிடம் ஓடினேன்.

"ஆமாம்மா, மொத்தமா ஒரு லாட் எடுத்தேன். நம்ம பில்டிங்ல பாதிப் பேரு கையில என் போன்தான்!" அவருக்கு ஒரே பெருமை. "எல்லாத்தையும் நானே செட் பண்ணித்தான் குடுத்தேன். எழுத்துகூட ஒரே சைஸ். யாருக்கும் ஒரு குறை இருக்கக் கூடாது பாரு."

"எனக்கு இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறென்ன சொல்வது? கைரேகை கைரேகை என்று மார் தட்டினால், இந்த மனிதர் எல்லோருக்கும் ஒரே விரலை மாட்டி அனுப்பியிருக்கிறார்.

சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஓட்டு அவள் தலைக்கு மேல் தொங்குகிறது, அவளானால் நாற்காலியை விட்டு விழுகிற மாதிரி சிரிக்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் நானும் சிரித்துவிட்டேன்.

மூன்றாவதாக, குக்கீ. ஒருவர் ஓட்டுப் போட்டதும் அவருடைய பிரவுசருக்குள் வெப்சைட் ஒரு சின்ன அடையாளத்தை விட்டுவைக்கும். மறுபடி வந்தால் அதைப் பார்த்து, "நீங்கள் முன்பே வந்தீர்கள்" என்று சொல்லிவிடும். யாராவது அழித்துவிட்டு வந்தால் ஏமாந்துவிடும் என்று தெரியும். அதனால் ஒவ்வொரு ஓட்டும் எந்த மாதிரிக் கருவியிலிருந்து வந்தது என்பதையும் பெயரில்லாமல் குறித்துவைத்தேன். அப்படிக் குறிப்பதைப் பக்கத்தின் அடியில் எழுதியும் வைத்தேன். அதற்கு மேலே, "நீங்கள் யார் என்று கேட்க மாட்டோம், யாரிடமும் சொல்ல மாட்டோம்" என்று கொட்டை எழுத்தில் போட்டேன்.

இந்தத் தடவை ஓட்டு ஒழுங்காக விழுந்தது. ஒரு வாரம் திறந்து வைப்பதாக ஏற்பாடு. செயலாளர் தினமும் ஏதாவது ஒரு சாக்கில் வந்து நிற்பார். மோட்டார் ரிப்பேர், குப்பை வண்டி என்று எதையாவது பேசிவிட்டு, போகும்போது கேட்பார்.

"யாரு யாருக்குப் போட்டாங்கன்னு கண்டுபிடிக்கவே முடியாதில்ல?"

"முடியாது சார்."

அடுத்த நாள் மறுபடி. "நீ நெனச்சாகூட முடியாதுன்னு சொல்றே?"

எனக்கு இந்த மாதிரிக் கேள்வி ஆகாது. என் வேலையில் எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்கிற மாதிரி பட்டது. இரண்டு தடவை மண்ணைக் கவ்வியவளைப் பார்த்து இந்த ஆள் தினமும் குத்திக்காட்டுகிறாரே என்று பல்லைக் கடித்தேன்.

வாரக் கடைசியில், வெப்சைட்டில் எல்லோருக்கும் தெரியும்படி இருந்த ஓட்டுகளின் மொத்தத்தைப் பார்த்தேன். குடியிருப்பில் இருக்கிற பெரியவர்களின் எண்ணிக்கையைத் தாண்டி நாற்பது சொச்சம் அதிகம். வீக்கம் "ஊதலாம்" பக்கம்தான் தெரிந்தது.

நான் பார்ப்பதற்கு முன்னாலேயே டாக்டரம்மா பார்த்துவிட்டாள். கூட்டிக் கழிக்க அவளுக்கும் தெரியும். மாடிப்படியில் நின்று, நாலு பேர் காதில் விழும்படி பொரிந்து தள்ளினாள்.

"பச்சப் புள்ளைக்குக்கூடப் புரியும். ஓட்டுப் பெட்டி யாரு வீட்ல இருக்கு? சித்தி ஊதறா, பொண்ணு எண்ணுறா. கள்ள ஓட்டு விழாம என்ன விழும்?"

நான் பதிலுக்குப் பதில் கொடுத்திருப்பேன். வாயைத் திறப்பதற்குள், வேலையிலிருந்து திரும்பி வந்த சித்தி எனக்குப் பின்னால் நிற்பதைப் பார்த்தேன். எல்லாம் கேட்டுவிட்டாள். என்னைக் கடந்து வீட்டுக்குள் போனாள். நாற்காலியைப் போட்டு ஏறி, டிரம்பெட் பெட்டியை அலமாரிக்கு மேலே, பழைய போர்வைகளுக்குப் பின்னால் தள்ளினாள்.

"சித்தி, நான் சத்தியமா ஒண்ணும் பண்ணல."

"தெரியும்டி. அதனாலதான். என்னால உன் பேரு கெட வேணாம். பதறாத, ஒண்ணும் ஆகல." வண்டி கிளம்பிவிட்டது, கதவைத் திறந்து வைங்க என்பதுதான் பாக்கி. எனக்கு அழுகை வந்தது. எனக்கு அழுகை வந்தால் பின்னாலேயே கோபம் வரும். அந்தக் கள்ள ஓட்டுக்காரனைக் கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை என்று கணினி முன்னால் போய் உட்கார்ந்தேன்.

கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. அந்த நாற்பது சொச்சமும் ஒரே கருவியிலிருந்து வந்திருந்தது. நல்ல வேளையாக அது அண்ணன் விற்ற போன் இல்லை. பழைய மேசைக் கணினி. எழுத்தைத் தாறுமாறாகப் பெரிதாக்கி வைத்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் குக்கீ காணாமல் போயிருக்கிறது. எல்லாவற்றையும்விட, அந்தக் கணினியின் கடிகாரம் முக்கால் மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இப்படி ஒரு பிராணி இந்தக் கட்டடத்தில் எங்கே இருக்கும் என்று தெரியவில்லை. ஆனால் முடியாதில்ல, முடியாதில்ல என்று தினமும் கேட்டவருக்கு இதைக் காட்டியே தீர வேண்டும் என்று செயலாளர் வீட்டுக்கு ஏறினேன்.

அவர் கதவைத் திறந்தார். சுவரில் திருப்புளிகளை அளவு வாரியாக மாட்டிவைத்திருந்தார். ஜன்னலோரம் துணி விரித்த மேசை. அவர் உட்காரச் சொல்லி, டீ போடட்டுமா என்று கேட்டார். நான் நின்றபடியே ஆரம்பித்தேன்.

"முடியாதில்லன்னு கேட்டீங்களே சார். கேட்டுக்கோங்க. மேசைக் கம்ப்யூட்டர். அதரப் பழசு. ஓட்டுப் போட்டவருக்குக் கண் சரியாத் தெரியாது, எழுத்த அவ்வளவு பெரிசா வெச்சிருக்காரு. கடிகாரம் முக்கால் மணி முன்னாடி ஓடுது..."

சொல்லிக்கொண்டே அவருடைய சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டேன். ஆறு காட்டியது. என் கைக் கடிகாரத்தில் ஐந்தே கால்.

அவர் மெல்ல நகர்ந்து ஜன்னலோர மேசையை மறைத்துக்கொண்டு நின்றார். மறைக்கிற அளவுக்கு அவருக்கு உடம்பு இல்லை. தோளுக்கு இந்தப் பக்கம் கணினித் திரை தெரிந்தது. அதில் என் வெப்சைட். எழுத்து ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமன். திரைக்கு நடுவில் "ஊதலாம்" பட்டன், அழுத்தக் காத்துக்கொண்டிருந்தது.

செயலாளர் முகத்தில் ஈயாடவில்லை.

"வேலையில இருந்தப்போ மீட்டர் பாக்க லேட்டாப் போகக் கூடாதுன்னு எல்லாக் கடிகாரத்தையும் முன்னாடி வெச்சேம்மா. ஓய்வு வந்தப்புறம் மாத்தவே தோணல" என்றார், நான் அதைத்தான் கேட்டேன் என்பது போல.

"ஓட்டு சார்?"

"என் அக்கா பையன் வந்தப்போ, பிரவுசர மூடினா எல்லாம் அழிஞ்சு போற மாதிரி பண்ணிக் குடுத்தான். பாதுகாப்புன்னான். மறுநாள் திறந்தா பட்டன் மறுபடி இருந்துச்சு. நேத்து போட்டது சேரல போலிருக்குன்னு போட்டேன்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் தெரிஞ்சேதான் போட்டேன்." அசடு வழியச் சிரித்தார். "மூடித் திறந்து, மூடித் திறந்து. கை சும்மா இருக்க மாட்டேங்குது."

நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். புகாருக்குப் பின்னால் இருப்பவர் என்று நான் தீர்ப்பு எழுதிய ஆள், ஒரு வாரமாகக் கதவைச் சாத்திக்கொண்டு சித்திக்குக் கள்ள ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். தினமும் வந்து கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டது என்னைக் குத்திக்காட்ட இல்லை. பயம்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் சார். வெப்சைட்லயே எழுதி வெச்சிருக்கேன், சொல்ல மாட்டோம்னு. வாக்கு வாக்குதான்" என்றேன். "ஆனா எல்லாரும் நாங்க பண்ணதா நினைக்கிறாங்க. சித்தி டிரம்பெட்ட அலமாரி மேல தூக்கிப் போட்டுட்டாங்க. இனிமே எடுக்க மாட்டாங்க."

அவர் சிரிப்பு நின்றுபோனது. "எடுக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க. என் பேரக் காப்பாத்தறாங்களாம்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கும்பிட்டுவிட்டு இறங்கி வந்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, தரைத் தளக் கூடத்தில் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள் போதாமல் பாதிப் பேர் நின்றார்கள். டாக்டரம்மா முதல் வரிசை. சித்தி வரமாட்டேன் என்றாள். உன் மேல் பழி விழுகிற இடத்தில் நீ இல்லாவிட்டால் அது நிஜமாகிவிடும் என்று சண்டை போட்டு இழுத்து வந்திருந்தேன். வந்தவள் கடைசி வரிசையில், தலையைக் குனிந்து உட்கார்ந்தாள்.

டாக்டரம்மா எழுந்தாள். "யாரு இத்தன ஓட்டப் போட்டதுன்னு வெப்சைட் பொண்ணு சொல்லட்டும். தெரியாதுன்னு மட்டும் சொல்ல வேணாம்."

"தெரியும். சொல்ல மாட்டேன்" என்றேன்.

கூடத்தில் ஒரே களேபரம். "ஏன் சொல்ல மாட்டே?" "வீட்டு ஆளுங்களா இருந்தா எப்படிச் சொல்லுவா?" "அப்ப அவங்கதான்!" சித்தி எழுந்து நின்றுவிட்டாள். நானே போட்டேன் என்று சொல்லி இதை முடித்துவிடப் போகிறாள் என்று எனக்குப் புரிந்தது. முடித்துக் கட்டுவதில் அவள் கெட்டிக்காரி. கையைப் பிடித்து இழுத்தேன்.

"அது நான்."

சொன்னது சித்தி இல்லை. தலைவருக்கான மேசையில் உட்கார்ந்திருந்த செயலாளர்.

"நீங்களா?" டாக்டரம்மாவின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. அத்தனை பல்லும் தெரிந்தது. எல்லாம் நல்ல பற்கள். "சார், உங்க தலைக்கு மேலதானே அந்தச் சத்தம்? நியாயமாப் பாத்தா நீங்கதானே முதல்ல வேணாம்னு சொல்லணும்?"

"ஆமா. தலைக்கு மேலதான்." அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "நல்லாவும் ஊதல. அத நான் மறைக்க மாட்டேன். நடுவுல ஒரு இடம் வரும், மேல ஏறணும். ஏறாது. நிறுத்திருவாங்க. மறுபடி மொதல்லேருந்து வருவாங்க. நான் கீழ என் பால்கனியில நிப்பேன். இந்தத் தடவ ஏறிடும், இந்தத் தடவ ஏறிடும்னு நானும் மூச்சப் பிடிச்சுக்குவேன். வீட்ல எனக்குன்னு காத்துட்டிருக்க வேற எதுவும் கெடையாது. ஒரு நாள் ஏறிடுச்சு. போன மாசம். அந்த ஒரு நாள்தான். கை தட்டணும் போல இருந்துச்சு. தட்டினா மேல கேட்டுருமேன்னு கையக் கட்டிட்டு நின்னேன். தட்டாத கை வேற எங்கயாவது போகுமில்ல, பட்டன் பக்கம் போயிடுச்சு. தப்புதான். இந்தப் பொண்ணு மேலயும் அவங்க மேலயும் யாரும் ஒரு வார்த்த சொல்லாதீங்க. என்னை வேணா இந்தப் பதவிலேருந்து எடுத்துருங்க."

அப்புறம் செல்போன் கடை அண்ணன் தொண்டையைச் செருமினார். "அந்த ஏற்ற இடம் எனக்கும் தெரியும் சார். கடைய மூடிட்டு நானும் காத்துட்டு நிப்பேன்." பின்னாலிருந்து யாரோ ஒரு பெண், "எங்க வீட்ல பந்தயமே கட்டுவோம், இன்னிக்கு ஏறுமா ஏறாதான்னு" என்றாள். சிரிப்பு அந்தப் பக்கம் தொடங்கி இந்தப் பக்கம் வந்தது. லிஃப்டில் பக்கத்தில் நிற்க வேண்டுமே என்று இத்தனை நாள் பயந்தவர்கள், ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள். பேரே தெரியக் கூடாது என்று நான் மூன்று விதமாக எழுதிக் குவித்தது என்ன, இவர்கள் நிற்கிற அழகு என்ன!

"இப்பவே கையத் தூக்குங்க, எண்ணிருவோம்" என்றாள் டாக்டரம்மா. "எனக்கு ஒரே கண்டிஷன்தான். என் பேஷன்ட் எல்லாம் போனப்புறம் ஆரம்பிக்கணும். அதுக்கு ஒத்துக்கிட்டா என் கையும் சேத்துக்கலாம்."

"ஒத்துக்கறாங்க" என்று சித்தியைக் கேட்காமலே நான் கத்தினேன். கைகள் எழுந்தன. எண்ணவே தேவைப்படவில்லை. எழாத கை ஒன்றிரண்டு இருந்தது. அவற்றுக்குச் சொந்தக்காரர்களும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரு ஆளுக்கு ஒரு கை. செயலாளர் மட்டும் இரண்டையும் தூக்கிவிட்டு, எல்லோரும் அதட்டியதும் ஒன்றை இறக்கினார்.

சித்தி யாரையும் பார்க்கவில்லை. அவள் காது மடல் சிவந்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் நாற்காலியைப் போட்டு ஏறினாள்.

டாக்டரம்மாவின் கிளினிக் விளக்கு அணைகிற வரைக்கும் காத்திருந்துவிட்டு மேலே போனாள். நானும் கூடவே போனேன். வெயில் இன்னும் முழுசாக இறங்கவில்லை, தண்ணீர்த் தொட்டியின் நிழல் நீளமாக விழுந்திருந்தது. முதல் தடவை அந்த இடத்தில் வழுக்கி விழுந்தாள். இரண்டாம் தடவையும் விழுந்தாள். கீழே பால்கனிகளில் பேச்சு நின்றுபோயிருந்ததை நான் கவனித்தேன், சித்தி கவனிக்கவில்லை. மூன்றாம் தடவை ஊதினாள். சுரம் மேலே போய், அங்கேயே நின்றது.

கட்டடத்தின் நாலு பக்கமும் கை தட்டினார்கள். அது அடங்கிய பிறகும் ஒரு ஜோடிக் கை மட்டும், எங்களுக்கு நேர் கீழேயிருந்து, நிறுத்தாமல் தட்டிக்கொண்டே இருந்தது.

சித்தி டிரம்பெட்டை இடுப்பில் அணைத்துக்கொண்டு கைப்பிடிச் சுவரில் குனிந்தாள். கீழேயிருக்கிற பால்கனியை அங்கிருந்து பார்க்க முடியாது. அவள் பேசிய குரலை நான் அதுவரைக்கும் கேட்டதே இல்லை. ஏற்றமும் இறக்கமும் வெட்கமும் சிரிப்பும் எல்லாம் அதில் இருந்தது.

"அங்கேருந்து எத்தன தடவ தட்டினாலும் யாருன்னு எனக்கு எப்படிங்க தெரியும்? மேல வந்து ஒரு தடவ தட்டுங்க, போதும்."

கீழே கை தட்டல் நின்றது. பிறகு ஒரு கதவு திறக்கிற சத்தமும், மாடிப்படியில் அவசரமாக ஏறி வருகிற செருப்புச் சத்தமும் கேட்டன.